வெள்ளை மூணு, பதினஞ்சு விநாடி

திங்கட்கிழமை, பிற்பகல்

மெய்ப்புப் பிரிவுத் தலைவி (ஓய்வு) அவர்களுக்கு,

வணக்கம். ‘அன்புள்ள’ என்று தொடங்கலாமா என்று சற்று யோசித்தேன். மூலப்படியில் இல்லாத சொல்லை மெய்ப்பில் சேர்க்கக் கூடாது என்பது நம் தொழிலின் முதல் விதி. ஆகவே சேர்க்கவில்லை.

உன் கடிதம் கைக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. மொத்தம் நாலு வரி. “வெள்ளிக்கிழமை காலை தொண்டையில் அறுவை சிகிச்சை. கட்டியோடு குரல்வளையையும் எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். எடுத்துவிட்டால் இனிப் பேச்சு வராது. தெரிவிக்கத் தோன்றியது, வரச் சொல்லவில்லை.” என் கையில் சிவப்புப் பேனா இருந்தது. ‘அறுவை’க்கும் ‘சிகிச்சை’க்கும் நடுவே நீ விட்டிருந்த ‘ச்’சைப் போட்டேன். அதற்குப் பிறகுதான் வாக்கியம் என்ன சொல்கிறது என்பது உள்ளே இறங்கியது. இந்த வரிசையை நீ தப்பாக எடுத்துக்கொள்வாய். எடுத்துக்கொள். நீ எடுத்துக்கொள்ளாத எதுவும் இனி என்னிடம் மிச்சமில்லை.

பதில் எழுதத்தான் இருந்தேன். அதற்குள் ஒரு பயணம் குறுக்கிட்டுவிட்டது. பழைய சாம்பல் நிற வண்டியை எடுத்துக்கொண்டு கடலோரச் சாலையில் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறேன். அரசு அச்சகத்தில், மாலுமிகளுக்கான கலங்கரை விளக்கப் பட்டியலைப் பதினொரு பதிப்பு மெய்ப்புப் பார்த்தவன் நான். எந்த விளக்கு என்ன நிறம், எத்தனை விநாடிக்கு எத்தனை மின்னல், எத்தனை கல் தூரம் தெரியும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஐம்பது வயது தாண்டியும் ஒரு கலங்கரை விளக்கத்தையும் கண்ணால் பார்த்ததில்லை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் தெரிகிற அறையில் உட்கார்ந்து கடல் முழுவதற்கும் பிழை திருத்திக்கொண்டிருந்தோம்.

இந்தச் சாலை, மகளும் நீயும் இருக்கிற ஊரில் போய் முடிகிறது. அது சாலை போட்டவர்களின் குற்றம். உன்னைப் பார்க்க வருவதாக இருந்தால் நெடுஞ்சாலையில் ஒரே பகலில் வந்திருப்பேன். நாலு நாள் சுற்றிக்கொண்டிருக்க மாட்டேன். இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

பக்கத்து இருக்கையில் உன் இடத்தில் ஒரு கோப்பு உட்கார்ந்திருக்கிறது. விசாரணைக் கோப்பு. அதில் நம் ஐம்பத்தேழாம் எண் விளக்கின் மெய்ப்புத் தாள் நகல் இருக்கிறது. அச்சில் ‘3’ என்று இருக்க, அதை அடித்து என் கையெழுத்தில் ‘2’. பக்கத்தில் யாரோ தேநீர் கிளாஸை வைத்த வட்டக் கறைகூட அப்படியே நகலில் விழுந்திருக்கிறது. அரசாங்க ஆவணத்தை என்ன லட்சணத்தில் வைத்திருந்தார்கள் பார். நாலு வருடமாக இந்தத் தாளை வாரத்துக்கு ஒருமுறையாவது எடுத்துப் பார்க்கிறேன். கோப்பு உன்னைப் போல வழி சொல்வதில்லை, “மெதுவா ஓட்டுங்க” என்பதில்லை. நல்ல துணை.

இன்று பன்னிரண்டாம் எண்ணைப் பார்த்தேன். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து, சுற்றிலும் முள்வேலி. அடித்தளத்தில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். இதற்குத்தானா இத்தனை அரைப்புள்ளி போட்டோம் என்று இருந்தது. மூன்று மணிக்கே மூடுபனி கடலிலிருந்து ஏறி வந்து கோபுரத்தின் பாதியைத் தின்றுவிட்டது. முழுதும் மறைவதற்குள் கிளம்பிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். இது மரியாதைக்கு எழுதுவது.

இப்படிக்கு,
முன்னாள் மெய்ப்பாளர்


செவ்வாய்க்கிழமை, மாலை

நம் மகளின் அம்மாவுக்கு,

நேற்றுப் போட்ட கடிதம் உனக்கு நாளைக்குள் வந்துவிடும். இதுவும் அதன் பின்னாலேயே வரும். தொடர்ந்து எழுதுகிறேனே என்று பெரிதாக நினைக்காதே. பேசுவதற்கு ஆள் இல்லாத பாதை இது. காகிதம் கையில் இருக்கிறது.

மலைச்சரிவில் ஒரு விடுதி. நடத்துகிற அம்மாள் சாவியைக் கொடுக்கும்போது என் தலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். “தனியாவா வந்தீங்க? ரெண்டு கட்டில் ரூம்தான் இருக்கு” என்றாள். இன்னொரு கட்டிலில் என் கோபம் படுத்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கலாம். சும்மா தலையாட்டினேன். விளக்குப் பார்க்க வந்தேன் என்றதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இந்தப் பனியிலயா? உங்க மூக்கே உங்களுக்குத் தெரியாது சார். மூணு மாசம் கழிச்சு வாங்க, வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க.” மூணு மாசம் கழித்து என்னென்ன இருக்கும், என்னென்ன இருக்காது என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

அவள் சொன்னதுதான் நடந்தது. முப்பத்தொன்றாம் எண்: வெள்ளை ஒன்று, பத்து விநாடி. வெளிச்சம் மங்கும்போது கைக்கடிகாரத்தோடு பாறை விளிம்பில் போய் நின்றேன். எங்கோ மேலே பால் கலங்கின மாதிரி ஒரு வெளுப்பு வந்து வந்து போயிற்று. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, ஒன்றா ஒன்றரையா, எதுவும் சொல்ல முடியவில்லை. கப்பல்களை எச்சரிக்கிற பனி ஊதல் மட்டும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை அடிவயிற்றிலிருந்து எழுந்தது. வண்டிக்குள் வந்து கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அச்சகத்தில் நம்மை ‘வாயும் கண்ணும்’ என்று கூப்பிட்டார்களே. வாய் மூலப்படியை உரக்கப் படிக்கும், கண் அதைக் கேட்டு அச்சுத் தாளைப் பார்க்கும். பார்க்க ஒன்றும் இல்லாத இடத்தில் கண்ணுக்கு என்ன வேலை?

விசாரணையை நினைத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். “அச்சில் சரியாக இருந்ததை நீங்களே தப்பாகத் திருத்தியிருக்கிறீர்கள். ஏன்?” என்றார் நடுவில் இருந்தவர். அவள் இரண்டு என்று படித்தாள், என் காதால் கேட்டேன் என்றேன். உன்னைக் கூப்பிட்டார்கள். “நான் மூணுன்னுதான் படிச்சேன்” என்றாய். என் பக்கம் திரும்பவே இல்லை. ‘என்று நினைக்கிறேன்’ என்று இரண்டு சொல் சேர்த்திருக்கக் கூடாதா? அந்த இரண்டு சொல்லில் நம் குடும்பம் நின்றிருக்கும். அந்தப் பட்டியலை நம்பி, மூன்று மின்னலைக் கண்டதும் ஐம்பத்தேழை மூன்று மின்னல் விளக்கான அறுபத்துமூன்று என்று எண்ணி மணல்திட்டில் படகை ஏற்றிய மாலுமிக்கும், வலது கையை இழந்த அவருடைய இயந்திரக்காரருக்கும் நான் ஒருவனே பதில் சொல்லவேண்டியதாயிற்று. எனக்குக் கட்டாய ஓய்வு. உனக்கு ஆறே மாதத்தில் பிரிவுத் தலைவி பதவி.

அன்று வீட்டுக்கு வந்து, உன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டாய் என்று கத்தினேன். நீ காய்ந்த துணியை மடித்துக்கொண்டே, “படிச்சதைச் சொன்னேன். முற்று” என்றாய். படிக்கும்போது முற்றுப்புள்ளிக்கு நீ வைத்த சுருக்கம். காற்புள்ளிக்குக் ‘கா’, முற்றுப்புள்ளிக்கு ‘முற்று’. எத்தனை சண்டையை அந்த ஒரு சொல்லால் மூடியிருக்கிறாய். அடுத்த வாரம் நான் பெட்டியைக் கட்டினேன்.

மேற்பார்வையாளரையும் நான் மறக்கவில்லை. இரண்டாம் மெய்ப்புப் பார்க்க நேரமில்லை என்று அப்படியே அச்சுக்கு அனுப்பியவர் அவர். உரக்கப் படிப்பதே வேலையாக இருக்கிற அறையில் ‘அமைதி காக்கவும்’ என்று பலகை மாட்டிய அறிவாளி. அந்தப் பலகைக்குப் பயந்து, வழக்கமாக வராந்தாவிலிருந்தே கூவிக்கொண்டு தேநீர் கொண்டுவரும் கெட்டில்காரர்கூட ஊமைப்படம் மாதிரி வந்து போனார்.

மகள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு, அவளிடம் சொல். “ரெண்டு பேருமே நான் சரிங்கிறீங்க. அப்ப தப்பு யாரோடதுப்பா, காத்தோடதா?” என்று தொலைபேசியில் சிரித்தாள். அப்பன் வேலை போனது சிரிப்பா? அந்தக் கோபத்தில் அவள் கல்யாணத்துக்கு விருந்தாளி மாதிரி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினேன். வாசலில் நீ பின்னால் வந்து, “சாப்பிட்டுட்டுப் போங்க” என்றாய். நான் திரும்பவில்லை.

இரண்டு வருடம் ஆகிறது. உன் குரலில் நான் கடைசியாகக் கேட்டது அதுதான். இன்று அந்த ஊதலைக் கேட்கிறபோது தோன்றியது, எழுதிவிட்டேன். வேறு காரணம் இல்லை.

சுடுதண்ணீர் நிறையக் குடி.

இப்படிக்கு,
மகளின் அப்பா


புதன்கிழமை, மாலை

அன்புள்ள வாய்க்கு,

மூலப்படியில் இல்லாத சொல்லைச் சேர்த்திருக்கிறேன். எதற்கு என்று கடைசிவரை படி.

இன்று ஐம்பத்தேழு. காலையிலிருந்து வழியெல்லாம் பனி. எதிரே வருகிற வண்டி மூக்குக்கு முன்னால் வந்த பிறகுதான் வண்டி என்று தெரிகிறது. சாலையின் வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி ஊர்ந்து வந்து சேர்ந்தேன்.

விளக்கைப் பார்த்துக்கொள்கிற பணியாளர் வெளியே ஏணிக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. என்ன வேலை என்று கேட்டார். எழுத்துப் பிழை பார்க்கிற வேலை என்றேன். “அதுக்கெல்லாம் சம்பளம் குடுக்கறாங்களா?” என்றார். இப்போது கொடுப்பதில்லை என்றேன். பிறகு அவராகவே ஆரம்பித்தார். “எங்க விளக்கையே ஒரு தடவை புத்தகத்துல தப்பாப் போட்டுட்டானுங்க சார். மூணு மின்னலை ரெண்டுன்னு. ஒரு படகே போச்சு. போட்ட மகராசன் ஒரு நாள் இங்க வந்து அண்ணாந்து பார்த்து எண்ணியிருந்தா என்ன கொறஞ்சா போயிருப்பான்?” வந்துதான் நிற்கிறான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சாய டப்பாவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார், பிடித்துக்கொண்டேன்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் காற்று திரும்பியது. பனி கிழிந்து கோபுரத்தின் தலை தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. இருட்டு. ஒன்று, இரண்டு, மூன்று. இருட்டு. கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், பதினைந்து விநாடி, ஒரு துளி கூடுதல் குறைச்சல் இல்லை. நாற்பது தடவை எண்ணினேன். நாற்பதும் மூன்று. மூன்று என்று எனக்குத் தெரியாதா? ஒரு தடவையாவது தவறி இரண்டு வராதா என்று நின்றேன் போலிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதையும் எழுதிவிடுகிறேன்.

குளிர் தாங்காமல் கீழே இருந்த தேநீர்க் கடைக்குப் போனேன். விசாரணைக் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனது ஏன் என்று தெரியவில்லை. வண்டியில் தனியாக விட மனம் வரவில்லை. அடுப்பு இரைச்சலில் கடைக்காரர் வாயைத் திறக்கவில்லை. கெட்டிலைத் தூக்கிக் காட்டி, எத்தனை என்று தாடையால் கேட்டார். நான் “ரெண்டு” என்றேன்.

இரண்டு கிளாஸ் வந்தது. ஒன்றை என் முன்னால் வைத்தார். இன்னொன்றை எதிரே, மேசையில் கிடந்த கோப்பின் மேலேயே வைத்துவிட்டு, “கூட வந்தவங்க கார்ல இருக்காங்களா? ஆறிடப் போகுது” என்றார். வருகிறார்கள் என்று சொன்னேன். எதிர் நாற்காலி காலி. இந்த நாலு வருடத்தில் எத்தனை கடையில் தேநீர் குடித்திருப்பேன். எங்கும் இப்படி வாய் தவறியதில்லை. எங்கும் கேள்வி காதில் விழுந்தது, ‘ஒண்ணு’ என்று யோசித்துச் சொன்னேன். இங்கே கேள்வி சத்தமில்லாமல் வந்தது. அதற்கு வந்த பதில் என்னுடையதே இல்லை, உன்னுடையது. நீ சொல்கிற அதே மாதிரி, அதே சுருக்கம்.

கோப்பு பாழாகிவிடுமே என்று அந்தக் கிளாஸைத் தூக்கினேன். அட்டை விலகியிருந்த இடத்தில், நகல் தாளின் மேல் ஈர வட்டம். அதன் பக்கத்திலேயே பழைய வட்டம். பழைய வட்டத்தின் விளிம்பு ஐம்பத்தேழாம் வரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. நாலு வருடமாக வாரம் ஒருமுறை பார்க்கிற தாள். எண்ணைப் பார்த்தேன், என் கையெழுத்தைப் பார்த்தேன், உன் மேல் வந்த கோபத்தைப் பார்த்தேன். கறையைப் பார்க்கவில்லை. கண்ணாம் கண்.

அந்த வரியில் இருந்தபோதுதான் தேநீர் வந்திருக்கிறது.

இப்போது எனக்கு அறை முழுதும் தெரிகிறது. கதவுக்கு முதுகு காட்டி நான். கதவைப் பார்த்து நீ. தாளிலிருந்து தலையைத் தூக்குவதில்லை என்பது என் பெருமை. நீ படிக்கிறாய்: “ஐம்பத்தேழு, வெள்ளை, மூணு”. கதவில் கெட்டில்காரர். பலகைக்குப் பயந்து அவர் பேசவில்லை, கெட்டிலைத் தூக்கிக் காட்டியிருப்பார். நீ நிறுத்தவில்லை, குரலை மாற்றவில்லை. “ரெண்டு” என்றாய். உடனே “பதினஞ்சு விநாடி, முற்று” என்று மேலே போய்விட்டாய். நம் வழக்கம் உனக்கே தெரியும். நீ எண்ணைத் தவறிப் படித்துவிட்டால் ‘மன்னிக்கவும்’ எல்லாம் சொல்லமாட்டாய். சரியான எண்ணை அடுத்த மூச்சில் சொல்வாய். பின்னால் சொன்னது செல்லும், முன்னால் சொன்னது செல்லாது. நான் மூன்றை அடித்தேன், இரண்டைப் போட்டேன். சற்று நேரத்தில் என் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் வந்தது. குடித்தேன். சர்க்கரை குறைவு என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

நீ மூணு என்றுதான் படித்தாய். நான் ரெண்டு என்றுதான் கேட்டேன். ஐந்து பேருக்கு முன்னால் நாம் இருவரும் உண்மையைத்தான் சொன்னோம். உனக்கு அந்த ‘ரெண்டு’ நினைவில்லாதது இயற்கை. இருபத்திரண்டு வருடம் தினமும் எனக்கும் சேர்த்துச் சொன்ன சொல்லை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்?

தப்பு என்னுடையது. எழுதிவிட்டேன். படகும் அந்த மனிதரின் கையும் என் பேனாவின் மேல்தான். மேற்பார்வையாளரை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. அந்தப் பலகையை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட நான் ஒன்றும் மகான் இல்லை. மகளிடம் சொல், அவள் கிண்டலில் பாதி சரி என்று.

இரண்டாவது கிளாஸ் ஆறி ஆடை கட்டிவிட்டது. அதையும் நானே குடித்தேன்.


வியாழக்கிழமை, காலை

நேற்றைய கடிதத்தை அஞ்சலில் போட்டால் வெள்ளிக்குப் பிறகுதான் வரும். அதனால் கையிலேயே கொண்டுவந்திருக்கிறேன். மிச்ச விளக்குகளைப் பார்க்கவில்லை. விடியும் முன்பே கிளம்பி, குறுக்கே நெடுஞ்சாலையைப் பிடித்து வந்தேன்.

உங்கள் தெருவில் வண்டியை நிறுத்தி இதை எழுதுகிறேன். இங்கேயும் பனிதான். வீட்டு எண் தெரியவில்லை. மாடியில் ஒரு ஜன்னல் மட்டும் மஞ்சளாகத் தெரிகிறது. யாரோ குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார்கள். நடையைப் பார்த்தால் நீ. பத்தடி நடந்து நிற்பது, திரும்பிப் பத்தடி. கணக்கு மாறவில்லை.

கதவைத் தட்டலாம். தட்டினால் மகள் திறப்பாள், மருமகன் நாற்காலி எடுத்துப் போடுவார், எல்லாரும் மரியாதையாக இருப்பார்கள், நேரம் போய்விடும். சாயங்காலம் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள். ஆகவே இந்தக் காகிதங்களைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வண்டியிலேயே இருக்கிறேன். வாசலுக்கு இடது பக்கம், சாம்பல் நிறம். கதவைப் பூட்டவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த கோப்பைப் பின்னால் எடுத்துப் போட்டுவிட்டேன்.

டாக்டர் அதிகம் பேசாதே என்றுதான் சொல்லியிருப்பார். அவர் பேச்சைக் கேள். மற்ற எல்லாரிடமும் வாயை மூடிக்கொள். வெள்ளிக்கிழமை நல்லபடியாக முடியும் என்று நானும் சொல்லிக்கொண்டேதான் வந்தேன். முடியட்டும். நீ நன்றாக இருக்கவேண்டும். பேச்சு இருந்தாலும் சரி, போனாலும் சரி, நீ இருக்கவேண்டும். இனி நான் படிக்கிறேன், நீ பார்.

ஆனால் இருக்கிற குரலில் ஒரு அரைமணி நேரம் எனக்கு ஒதுக்கு. சால்வையைச் சுற்றிக்கொண்டு கீழே வந்து உட்கார். நாலு வருடமாகச் சொல்லாமல் வைத்திருப்பதை எல்லாம் சொல். திட்டு. முதல் நாளிலிருந்து வரிசையாகத் திட்டு, காற்புள்ளி அரைப்புள்ளியோடு திட்டு. நான் தலையைத் தூக்கி உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிறேன். ஒரு எழுத்தையும் திருத்தமாட்டேன்.

கடைசியில் ‘முற்று’ மட்டும் சொல்லிவிடாதே.

உன்,
கண்